மேசையில் கிளாஸ் எடுக்கும் அன்பர்களுக்கு

கேட்காமலே பாடம் நடத்தும் போக்கர் ஆட்டக்காரர்களே,

யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. இணைய மேசைகளில் எல்லோருக்கும் புனைபெயர்தான், சொன்னாலும் பயனில்லை. ஆனால் இது யாருக்கு எழுதியது என்று இரண்டு வரியில் உங்களுக்கே விளங்கிவிடும். ஒருவர் தன் சீட்டைத் திறந்து காட்டி, நடுவில் குவிந்த சிப்ஸை அள்ளிக்கொண்டதும், திரையின் மூலையில் இருக்கும் அரட்டைப் பெட்டியில் முதலில் எழுதுகிறவர் நீங்கள். “ப்ரோ, அதைப் போய் யாராச்சும் கால் பண்ணுவாங்களா?” “இந்தக் கையை வச்சுக்கிட்டு எதுக்கு உள்ள வந்தீங்க?” “ரேஞ்ச்னு ஒண்ணு இருக்கு, யூட்யூப்ல போய்ப் பாருங்க.” அதற்குள் அடுத்த கைக்குச் சீட்டுப் போட்டு, பந்தயம் கட்டி, அதுவும் பாதி தாண்டியிருக்கும். உங்கள் வகுப்புக்கு மட்டும் மணி அடித்திருக்காது.

காசு போன எரிச்சலில் பேசுகிறார்கள், விட்டுவிடு என்று உங்களுக்காகப் பரிந்து பேசியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குக் கதவைச் சாத்தியது. இந்தியாவில் பணமேசைகள் மூடின. இப்போது நாம் உட்கார்ந்து ஆடுவது இலவசச் சிப்ஸில். பத்து லட்சம் சிப்ஸ் ஜெயித்தாலும் தெருமுனையில் ஒரு டீ கிடைக்காது. மொத்தமும் தோற்றாலும் செயலியே மறுபடி நிரப்பிக் கொடுத்துவிடும். அப்படியிருந்தும் உங்கள் உபதேசம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லையே, அது எப்படி? போனது காசு இல்லை என்றால் வேறு எதற்கு இவ்வளவு கோபம்? இதை உங்களிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், கை நடந்துகொண்டிருக்கும்போதே பேசுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் சீட்டை நீங்கள் மடித்துப் போட்டுவிட்டீர்கள். மீதி இருவர் மோதிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் மூன்று ஆர்ட்டின் விழுந்து கிடக்கிறது. “அவர்கிட்ட ஃப்ளஷ் இருக்கு, மடிச்சுருங்க” என்று எழுதுகிறீர்கள். ஒரு கைக்கு ஒரே ஆள் என்பது போக்கரின் அடிப்படை விதி. நேரில் நடக்கும் போட்டிகளில் இதை மீறினால் தண்டனை உண்டு. பெரிய இணையதளங்களிலும் நடக்கும் கையைப் பற்றி அரட்டையில் பேசக் கூடாது. “நான் ஒரு ஏஸை மடிச்சேன்” என்று அப்பாவியாகச் சொல்வதுகூடக் குற்றத்தில்தான் சேரும். கட்டில் இருப்பது நாலே ஏஸ். அதில் ஒன்று போய்விட்டது என்று தெரிந்தால், ஏஸுக்காகக் காத்திருப்பவரின் கணக்கு அடியோடு மாறிவிடும். உதவி என்று நினைத்து நீங்கள் செய்தது, ஒருவருடைய சிப்ஸை எடுத்து இன்னொருவர் பக்கம் தள்ளிய காரியம். அந்த முதல் ஆள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்?

கல்யாண மண்டபங்களில் ராத்திரி சீட்டுக் கச்சேரி நடக்கும்போது, முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு “அந்த ராணியை எறியாதே” என்று சொல்லும் ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரை நாம் பொறுத்துக்கொண்டோம். அவர் சொல்லைக் கேட்டுத் தோற்றால் “உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், அவரும் சிரித்துக்கொண்டே வெற்றிலை மடித்துக் கொடுப்பார். தொந்தரவு மீறினால் “மாமா, போய்ப் படுங்க” என்று அனுப்பவும் நமக்கு உரிமை இருந்தது. நீங்கள் அந்த மாமா இல்லை. உங்களுக்கு முகமில்லை, எங்களோடு உறவில்லை, சொன்னது தப்பாகப் போனால் பொறுப்பும் இல்லை. உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

அடுத்தது, தோற்றுவிட்டுப் பாடம் எடுப்பது. உங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்த ரகம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பேசுவோம். ஒரு சாதாரணக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏஸ் ஜோடி. ஃப்ளாப்பில் விழுந்த மூன்று சீட்டில் இரண்டு ஸ்பேட். எதிரில் இருப்பவர் கையிலும் இரண்டு ஸ்பேட், இன்னும் ஒன்று வந்தால் அவருக்கு ஃப்ளஷ். நடுவில் 100 சிப்ஸ் இருக்கிறது. நீங்கள் 25 போடுகிறீர்கள். அவரும் 25 போட்டுக் கால் செய்கிறார். நாலாவது சீட்டாக, டர்னில் ஸ்பேட் விழுகிறது, கடைசியில் நீங்கள் தோற்கிறீர்கள். உடனே பெட்டியில் வந்துவிடும்: “சும்மா ஃப்ளஷ்ஷைத் துரத்திக்கிட்டு… எல்லாம் லக்கு.”

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? அவர் கண்ணுக்குத் தெரிந்தது தன் இரண்டு சீட்டும் நடுவில் கிடக்கும் மூன்றும். தெரியாதவை 47. அவற்றில் ஸ்பேட் 9. அடுத்த சீட்டிலேயே ஒன்று விழும் வாய்ப்பு நூற்றுக்கு 19, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு அவர் கொடுக்க வேண்டியது 25, கொடுத்தபின் நடுவில் சேர்வது 150. ஆகவே விலை ஆறில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு பெறுமானமுள்ள சரக்கை ஆறில் ஒரு பங்கு விலைக்குக் கூவி விற்றால் யார்தான் வாங்காமல் போவார்? விற்றது நீங்கள். அந்த 25க்குப் பதில் 75 போட்டிருந்தால், 250 சிப்ஸுக்காக அவர் 75 கொடுக்க வேண்டியிருக்கும், நூற்றுக்கு 30 விலை. அந்த ஒரு சீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. மடித்திருப்பார், அல்லது நஷ்டத்துக்கு வாங்கியிருப்பார். இந்தக் கையில் பாடம் தேவைப்பட்டது யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள். எதிராளி சரியாக ஆடி ஜெயித்த கைகளுக்கே இப்படி எத்தனை வகுப்புகள் நடத்தியிருப்பீர்கள்!

எல்லாக் கையும் இப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நிஜமாகவே மோசமாக ஆடி ஜெயிக்கிறவர்கள் உண்டு. வேறு வேறு இனத்தில் ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு ஏஸ் ஜோடிக்கு எதிராக மொத்தச் சிப்ஸையும் தள்ளுகிறவர்கூட நூற்றுக்குப் பன்னிரண்டு தடவை ஜெயித்துவிடுவார். அவர் கையில் கிங் ஜோடி என்றால் பதினெட்டு தடவை. இந்தப் பன்னிரண்டையும் பதினெட்டையும் நீங்கள் ஏதோ உங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் போலப் பேசுகிறீர்கள். போக்கர் பிழைத்திருப்பதே இவற்றால்தான். எப்போதும் பலசாலியே ஜெயிக்கும் ஆட்டமாக இருந்தால் பலவீனமானவர் ஒரு வாரத்தில் எழுந்து போயிருப்பார், நீங்கள் காலி நாற்காலிகளோடு ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு கையை வைத்து ஒருவரின் ஆட்டத்தை எடைபோட முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. வெற்றி விகிதத்தை நூறு கைக்கு எத்தனை பிக் பிளைண்ட் (கட்டாயத் தொடக்கப் பந்தயம்) என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு ஓரளவு நிலைக்கவே பல்லாயிரம் கைகள் ஆடியிருக்க வேண்டும். ஒரு மேசையில் மணிக்கு அறுபது எழுபது கைகள் ஓடும். நீங்கள் அவரோடு உட்கார்ந்தது அரைமணி நேரம். அவர் ஏன் கால் செய்தார் என்று எப்படித் தெரியும்? நீங்கள் இரண்டு முறை பிளஃப் செய்து மாட்டிக்கொண்டதை மனதில் குறித்து வைத்திருக்கலாம். தாம்பரத்தில் இறங்க வேண்டிய அவசரத்தில் கைக்குக் கிடைத்த பட்டனை அழுத்தியிருக்கலாம். சும்மா பொழுதுபோக்க வந்தவராகவும் இருக்கலாம், அதற்கும் அந்த நாற்காலியில் இடம் உண்டு.

“பெரிய ஆட்டக்காரர்களே அப்படித்தானே?” என்பீர்கள். ஃபில் ஹெல்முத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறீர்கள். 1989ல் 24 வயதில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர், 2023க்குள் அந்தத் தொடரில் 17 தங்கக் காப்புகள் வாங்கியவர், தோற்றால் எதிராளிக்கு வகுப்பெடுப்பதில் பேர்போனவர். 2008ல் அவர் ஏஸும் கிங்கும் வைத்திருக்க, எதிராளி பத்தும் நாலும் வைத்துக் கால் செய்து ஜெயித்தார். ஹெல்முத் விடாமல் திட்டியதற்கு ஒரு சுற்று ஆடாமல் இருக்கும்படி தண்டனை விதித்தார்கள், பிறகு அதை விலக்கியும் கொண்டார்கள். அவருடைய கோபத்தை டிவிக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். உங்கள் கோபத்துக்கு எந்த சேனல் காத்திருக்கிறது? அதோடு, ஏஸ்-கிங்குக்கு எதிராகப் பத்து-நாலு ஜெயிப்பது அதிசயமும் இல்லை. அந்த மாதிரி இரண்டு கைகள் மோதினால் ஏஸ்-கிங் நூற்றுக்கு அறுபத்துச் சொச்சம் தடவைதான் ஜெயிக்கும்.

டாயில் பிரன்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1976, 1977 இரண்டு வருடமும் அதே முதன்மைப் போட்டியை வென்றவர். இரண்டு வருடமும் கடைசிக் கையில் அவரிடம் இருந்தது பத்தும் இரண்டும். இன்றைக்கும் அந்தக் கைக்கு அவர் பேர்தான் வழங்குகிறது. நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் தொடக்கக் கை அட்டவணையில் பத்து-இரண்டு குப்பையில் கிடக்கும். அப்போது அரட்டைப் பெட்டி இருந்திருந்தால் அவருக்கும் ரேஞ்ச் பற்றி எழுதியிருப்பீர்கள். அவரும் பாடம் சொன்னவர்தான், ஆட்டத்தின் பாடநூல் என்று மதிக்கப்படும் ‘சூப்பர் சிஸ்டம்’ அவருடையது. ஆனால் அதைப் புத்தகமாகப் போட்டார். வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள்.

மனப்பாட விதிகள் மேல் அவ்வளவு பக்தியும் வேண்டாம். 2019ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ் என்ற கணினி நிரல், ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 10,000 கைகள் ஆடி வென்றது. முந்தைய சுற்றில் வெறுமனே கால் செய்தவர் அடுத்த சுற்றில் தானே முந்திக்கொண்டு பந்தயம் போடுவது கத்துக்குட்டித்தனம் என்று காலம்காலமாகச் சொல்லிவந்தார்கள். கழுதையாட்டம் என்றே அதற்குப் பட்டப்பெயர். ப்ளூரிபஸ் அதைத் தொழில்முறைக்காரர்களைவிட மிக அதிகமாகச் செய்தது. யாரையாவது கழுதை என்று நீங்கள் பெட்டியில் திட்டிய கையில், அந்தக் கழுதையின் பக்கம் கணினி நின்றிருக்கக்கூடும்.

உங்களை அடக்க நினைக்கும் மூத்த ஆட்டக்காரர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். மீன்தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே என்பார்கள். பலவீனமான ஆட்டக்காரர்தான் மீன். பாடம் நடத்தினால் மீன் பயந்து ஓடிவிடும், அல்லது கற்றுக்கொண்டு தேறிவிடும், இரண்டிலும் நமக்கு நஷ்டம். எதிராளியின் தவறுதான் உங்கள் லாபம் என்பதை டேவிட் ஸ்க்லான்ஸ்கி ஒரு தேற்றமாகவே எழுதி வைத்திருப்பதால், கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் இந்த வாதத்தை நான் கையில் எடுக்கமாட்டேன். எதிரில் இருப்பவரைத் திட்டாதே, அவரை உரிப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன மரியாதை இருக்கிறது? 2003ல் நூறு டாலருக்கும் குறைவான இணையத் தகுதிப் போட்டி வழியாக உள்ளே வந்து, உலகத் தொடரை வென்று 25 லட்சம் டாலர் வாங்கிப்போன கிறிஸ் மணிமேக்கரும் இவர்கள் கணக்கில் மீன்தான். அவர் ஒரு கணக்காளர். இந்தப் பெரியவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் ஒரு விதத்தில் மேல். எதிராளி நன்றாக ஆட வேண்டும் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் நினைக்கிறீர்கள். அந்த நினைப்பைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. அது வெளியே வரும் விதம்தான் பொறுக்கவில்லை.

பெண் பெயரில் உட்காருகிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். அவர்களுக்கு ஜெயித்தாலும் வகுப்பு, தோற்றாலும் வகுப்பு. “சிஸ்டர், இது ரம்மி இல்ல” என்று ஆரம்பிப்பீர்கள். அதைத் தாங்க முடியாமல் புலி, சிறுத்தை என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். மாற்றியதும் அதே ஆட்டத்துக்கு “நைஸ் ஹேண்ட் ப்ரோ” கிடைக்கிறது.

இனி, எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். பணமேசைகள் இருந்த காலத்தைச் சொல்கிறேன். இணையச் சீட்டாட்டத்தில் கடன்பட்டு உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்தன. அதனால்தான் 2022ல் இங்கே இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றினார்கள். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று நிறுவனங்கள் வாதாடின. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விரண்டையும் அந்தத் தடையிலிருந்து விடுவித்தது. 2025ல் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து மணி வரை பண ஆட்டம் கூடாது என்று மாநில அரசு விதி போட்டது. பிறகு வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல் பண ஆட்டத்தை மொத்தமாக நிறுத்தியது. அந்தச் சட்டம் சரியா என்ற வழக்காடலை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நீதிமன்றத்தில் ‘திறமை’ என்பது வக்கீல்களின் வாதம். மேசையில் அதே சரக்கைக் கூலி வாங்காமல் விற்றவர்கள் நீங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, வீட்டு வாடகையைத் தோற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் “டர்ன்ல மடிச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க, கொஞ்சம் கத்துக்கிட்டா போதும்” என்று எழுதினீர்கள். அவர் வாடகையைத் தோற்றது உங்களுக்குத் தெரியாது, அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தெரியாத ஒருவரிடம் அப்படி எழுதலாமா என்றுதான் கேட்கிறேன். அவர் அதை எப்படிப் படித்திருப்பார்? தோற்றது என் தவறால், தவறைத் திருத்தினால் போனதை மீட்டுவிடலாம், ஆகவே இன்னும் ஒருமுறை பணம் போடலாம் என்றுதானே? நடுவில் குவியும் பணத்திலிருந்து தளம் தன் பங்கை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தது. அந்த மேசையில் அத்தனை பேரும் உங்களைப் போலக் கற்றுத் தேர்ந்திருந்தாலும், எல்லோருமாகச் சேர்ந்து மெல்ல மெல்லத் தோற்றுக்கொண்டுதான் இருந்திருப்போம். இதை உங்களில் ஒருவர்கூடப் பெட்டியில் எழுதி நான் படித்ததில்லை. “போதும் ப்ரோ, போய்த் தூங்குங்க” என்று யாராவது எழுதியிருந்தால் அதைக் கேட்காமல் வந்த அறிவுரை என்று நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

“அப்படின்னா கத்துக்கொடுக்கிறதே தப்பா?” என்று கேட்காதீர்கள். போக்கரை நாங்கள் எல்லோருமே யாரோ ஒருவரிடம் கற்றவர்கள். ஆனால் அந்த யாரோ ஒருவரிடம் நாங்களாகப் போய்க் கேட்டோம். ஆட்டம் ஓய்ந்தபின், கையை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லி, எங்கே சறுக்கியது என்று கேட்டோம். அவரும் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லவில்லை. உன்னிடம் எத்தனை சிப்ஸ் இருந்தது, எந்த இருக்கையில் இருந்தாய், அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று திரும்பக் கேட்டார். உங்கள் வகுப்பில் ஒருநாளாவது மாணவனிடம் ஒரு கேள்வி கேட்டதுண்டா? “எதுக்கு உள்ள வந்தீங்க” என்பதைக் கேள்வியில் சேர்க்காதீர்கள்.

எங்களிடம் ஆயுதம் இல்லாமல் இல்லை. உங்கள் பெயர் மேல் விரலை வைத்து மியூட் செய்துவிடலாம், செய்தும் வருகிறோம். நிறையப் பேர் அரட்டைப் பெட்டியையே நிரந்தரமாக அணைத்துவிட்டார்கள். அதில் நஷ்டம் எல்லோருக்கும். முன்பெல்லாம் அந்தப் பெட்டியில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள், உங்கள் ஊரில் மழையா என்று விசாரிப்பார்கள், பெரிய கையில் தோற்றவரே “செம ஆட்டம்” என்று எழுதிவிட்டுப் போவார். இப்போது ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் பேச்சு மூச்சில்லை. யாராவது வாயைத் திறந்தால் அது நீங்களாகத்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கை நடக்கும்போது அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள், நீங்கள் மடித்த சீட்டு என்னவென்று எங்களுக்கு வேண்டாம். தோற்றவுடன் விரல் பரபரத்தால், எதிராளியைப் பற்றி நமக்கு மட்டும் தெரியும்படி குறிப்பெழுத இடம் தரும் தளங்கள் இருக்கின்றன, அங்கே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ‘ஃப்ளஷ் பார்க்கக் கால் செய்வார்’ என்று குறித்துக்கொண்டால் அடுத்த முறை உங்களுக்கே உதவும். எங்களுக்குச் சொல்லிவிட்டால் நாங்கள் உஷாராகிவிடுவோம், உங்களுக்கு என்ன மிச்சம்? ஒருவருக்கு நிஜமாகவே சொல்ல வேண்டும் என்று தோன்றினால், கை முடிந்தபின் “ஒரு விஷயம் சொல்லலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை கேட்காதீர்கள். உங்கள் கூட்டத்தில் இன்னொருவர் யாரையாவது பிடித்து வைத்து வகுப்பெடுத்தால், “விடுங்க, அவர் ஆடட்டும்” என்று நீங்கள் எழுதுங்கள். நாங்கள் சொன்னால் சண்டை வரும், நீங்கள் சொன்னால் கேட்பார்.

கேட்டால் சொல்வீர்கள்தானே? அப்படியானால் நானே கேட்கிறேன். ஆறு பேர் மேசை. நான் டீலர் பட்டனில் இருக்கிறேன். எனக்கு முன்னால் இருவர் ரைஸ் செய்யாமல் வெறுமனே கால் செய்து உள்ளே வந்திருக்கிறார்கள். என் கையில் ஐந்து ஜோடி. ஃப்ளாப்பில் இன்னொரு ஐந்து விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான் என்பது வரை தெரியும். அவர்களோடு சேர்ந்து மலிவாக ஃப்ளாப்பைப் பார்ப்பதா, ரைஸ் செய்து விரட்டுவதா என்பதில் எனக்கு இன்றுவரை தீர்மானம் இல்லை. இதற்கு உங்கள் பதில் வேண்டும், காரணத்தோடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஆடுவதில்லை, அப்போது எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புகளில் அடிக்கடி உட்கார நேர்ந்த ஒரு மாணவன்